ஏழு கடல், ஏழு மலை, அறுபது கார்டு!

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள்ளே ஒரு கூண்டு. கூண்டுக்குள்ளே ஒரு கிளி. அந்தக் கிளிக்குள்ளேதான் மந்திரவாதியோட உயிர்! பாட்டி சொன்ன இந்தக் கதையை வெச்சே சொந்தமா ஒரு போர்டு கேம் பண்ணினா என்னன்னு என்னைக்காவது தோணியிருக்கா உங்களுக்கு? தோணியிருந்தா, கையைக் கொடுங்க பாஸ்... நீங்க நம்ம ஆளு!

இந்த ஆசை வந்தவங்க எல்லாரும் முதல் நாள் செய்யறது ஒரே வேலைதான். சார்ட் பேப்பர்ல வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. விசிட்டிங் கார்டு சைஸுக்கு அட்டை வெட்டி, ஒற்றைக்கண் பூதம், மூணு தலை நாகம், பேசற வாள், பறக்கற பாய்னு பேர் எழுதுவாங்க. கூட்டத்துல படம் வரையத் தெரிஞ்ச ஒரு ஜீவன் மாட்டிக்கிச்சுன்னா, பூதத்துக்குக் கோரைப்பல் எல்லாம் முளைக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு 60 கார்டு ரெடி. செம ஜாலியான வேலை. அதுல சந்தேகமே இல்லை.

மறுநாள் நாலு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பீங்க. நாலாவது ரவுண்டுல ஒருத்தர் மட்டும் கொட்டாவி விடுவார். அவர் எடுத்த கார்டு வரிசையா பூதம், சாபம், பூதம், சாபம். கையில ஒரு ஆயுதம்கூட இல்லை. பூதம் அடிச்சு ரெண்டு கட்டம் பின்னாடி, சாபத்துல ஒரு முறை அவுட். மத்த மூணு பேரும் ரெண்டாவது மலை ஏறிட்டிருக்கும்போது இவர் முதல் கடல்லயே நீச்சல் அடிச்சிட்டிருப்பார். ஆறாவது ரவுண்டுல மனுஷன் போனை எடுத்துடுவார். அதோட கேம் செத்துடுச்சுன்னு அர்த்தம். அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுப் பாருங்க... 'அசைன்மென்ட் இருக்குடா' என்பார். அசைன்மென்ட்டாவது, ஒண்ணாவது!

'பாவம், அவனுக்கு நேரம் சரியில்லை'னு நாம ஈஸியா சொல்லிடுவோம். நிஜம் என்னன்னா, அந்தக் கெட்ட நேரத்தை அட்டை வெட்டும்போதே நீங்க கட்டுக்குள்ளே வெச்சுட்டீங்க. தாயம் ஆடியிருப்பீங்கதானே? எல்லாரும் காய் இறக்கி ஊர் சுத்திட்டு இருப்பாங்க, உங்களுக்கு மட்டும் தாயம் விழாது. கால் மணி நேரம் சோழியை உருட்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. அந்தக் கால் மணி நேரத்துல நீங்க ஆடவே இல்லை, வேடிக்கைதான் பார்த்தீங்க. கார்டு கேம்ல இந்தக் கொடுமை வராம இருக்கணும்னா, எந்த வகைக் கார்டு எத்தனை இருக்கணும்கிற கணக்கைத்தான் முதல்ல பிடிக்கணும். பூதத்தோட கோரைப்பல் எல்லாம் அப்புறம்!

சமமா பிரிச்சா சமமா?

நம்ம கிளி கேமையே எடுத்துக்குவோம். கார்டுல அஞ்சு வகை: பூதம், ஆயுதம், மந்திரம், துணை, சாபம். மொத்தம் 60 கார்டு. ஆக வகைக்கு 12! ரொம்ப நியாயமா, ஜனநாயகமா தெரியுது இல்லையா? தன் முறை வரும்போது ஆளுக்கு ஒரு கார்டு எடுக்கணும். பூதம் வந்தா ஆயுதத்தால அடிக்கணும். ஆயுதம் இல்லாட்டி பின்னாடி போகணும். விதி அவ்வளவுதான்.

இப்ப ப்ளஸ் டூ-ல படிச்சு, பரீட்சை ஹாலோட மறந்துட்டு வந்த நிகழ்தகவை லேசா தூசி தட்டுங்க. அஞ்சு ரவுண்டு முடிஞ்சப்புறமும் ஒருத்தர் கைக்கு ஒரு ஆயுதம்கூட வராம இருக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் கார்டு ஆயுதமா இல்லாம இருக்க 48/60. ரெண்டாவது 47/59. அப்புறம் 46/58, 45/57, 44/56. அஞ்சையும் பெருக்குங்க. கிட்டத்தட்ட 31 சதவிகிதம் வரும். மூணுல ஒரு பங்கு!

'சரி, மூணு பேர்ல ஒருத்தர்தானே?'ன்னு விட்டுடாதீங்க. மேஜையில உட்கார்ந்திருக்கறது நாலு பேர். அந்த நாலு பேர்ல குறைஞ்சது ஒருத்தராவது அஞ்சு ரவுண்டு வரைக்கும் வெறுங்கையோட இருக்க எவ்வளவு வாய்ப்பு தெரியுமா? 81 சதவிகிதம். அதாவது அஞ்சு ஆட்டம் ஆடினா நாலு ஆட்டத்துல யாராவது ஒருத்தர் கொட்டாவி விடப் போறார்னு உங்க கட்டிலேயே எழுதி வெச்சிருக்கு. கேமை உருவாக்கறவங்க பார்க்க வேண்டிய நம்பர் இதுதான். சராசரி ஆட்டக்காரருக்கு என்ன கிடைக்கும்னு பார்த்தீங்கன்னா எல்லாமே அழகாத்தான் இருக்கும். மேஜையிலேயே அதிர்ஷ்டம் கெட்டவர் கையில என்ன இருக்கும்னு பாருங்க.

எல்லாரும் உடனே செய்யற வைத்தியம், ஆயுதத்தை அதிகமாக்கறது. 12-ஐ 20 ஆக்குவோம், மத்ததைக் குறைச்சு மொத்தம் அதே 60. இப்ப தனி ஒருத்தர் வெறுங்கையோட இருக்கற வாய்ப்பு 12 சதவிகிதமா இறங்கிடும். ஆனா நாலு பேர்ல ஒருத்தராவது அப்படி மாட்டற வாய்ப்பு? இன்னும் 42 சதவிகிதம்! அது மட்டுமில்லை... அஞ்சு ரவுண்டுல மூணு ஆயுதமோ அதுக்கு மேலேயோ கையில சேர்த்துக்கற வாய்ப்பு ஒவ்வொருத்தருக்கும் 20 சதவிகிதம். அவருக்குப் பூதம் வந்தா என்ன, வராட்டி என்ன? கொசு அடிக்கற மாதிரி அடிச்சுட்டுப் போவார். ஒரு பக்கம் பசி, இன்னொரு பக்கம் அஜீரணம். எண்ணிக்கையை ஏத்தறது மட்டும் மருந்து இல்லைன்னு இப்பப் புரியுதா?

வேற மாதிரி யோசிப்போம். ஆயுதம் பழைய மாதிரி 12-ஆவே இருக்கட்டும். ஒரு கார்டு எடுக்கறதுக்குப் பதிலா ரெண்டு கார்டைப் பார்த்து, பிடிச்சதை வெச்சுக்கிட்டு, இன்னொண்ணை ஓரமா போட்டுடணும்னு ஒரே ஒரு வரி விதி சேருங்க. அஞ்சு ரவுண்டுல ஒருத்தர் பத்து கார்டு பார்த்துடுவார். ஆயுதமே கண்ணுல படாத வாய்ப்பு 9 சதவிகிதத்துக்கு வந்துடும். நாலு பேர்ல ஒருத்தராவது மாட்டறது 32 சதவிகிதம். ஒரு கார்டுகூட புதுசா வெட்டாம, எட்டு ஆயுதம் சேர்த்ததைவிட நல்ல பலன்! அதோட இன்னொரு லாபம் இருக்கு: ஒவ்வொரு முறையும் அந்த ஆளுக்கு யோசிக்க ஏதோ ஒண்ணு கிடைக்குது. 'வாளை எடுக்கறதா, பறக்கற பாயை எடுக்கறதா?' யோசிக்கறவர் போனை எடுக்க மாட்டார்.

32-ம் அதிகம்னு தோணுதா? எனக்கும்தான். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே ஆளுக்கொரு துருப்பிடிச்ச கத்தி கொடுத்துடுங்க. சின்னப் பூதத்தை அடிக்கும், ஒரு தடவைக்கு மேல தாங்காது. முடிஞ்சது கதை! வெறுங்கை வாய்ப்பு பூஜ்யம். இவ்வளவு பெருக்கல் பண்ணிட்டு கடைசியில ஒரு துருப்பிடிச்ச கத்திதானானு முறைக்காதீங்க. அந்தக் கத்தி எங்கே வேணும்னு காட்டினதே அந்தப் பெருக்கல்தான்.

மூணு மூணா அஞ்சு கார்டு

இந்த விஷயத்துல உலகத்துக்கே பாடம் எடுத்த கேம் ஒண்ணு இருக்கு. 'மேஜிக்: த கேதரிங்'. 1993-ல வந்தது. உருவாக்கினவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு, சும்மா ஆள் இல்லை... கணிதத்துல டாக்டர் பட்டம் வாங்கினவர். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சைனு அஞ்சு நிறத்துல மந்திரங்கள். மந்திரம் போடணும்னா சக்தி வேணும், அந்தச் சக்தியை நிலம்கிற கார்டுகள் கொடுக்கும்.

முதல் பதிப்புல நிறத்துக்கு ஒண்ணா அஞ்சு கார்டு வெச்சார். அஞ்சுக்கும் விலை ஒரே ஒரு சக்தி. அஞ்சும் கொடுக்கறது 'மூணு'. வெள்ளையோட 'ஹீலிங் சால்வ்' மூணு உயிர்ப்புள்ளி ஏத்தும். சிவப்போட 'லைட்னிங் போல்ட்' மூணு அடி அடிக்கும். பச்சையோட 'ஜெயன்ட் க்ரோத்' ஒரு பிராணியை மூணு மடங்கு இல்லை, மூணு புள்ளி பலசாலி ஆக்கும். கறுப்போட 'டார்க் ரிச்சுவல்' மூணு சக்தி கொடுக்கும். நீலத்தோட 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' மூணு கார்டு எடுத்துக்கச் சொல்லும். பேப்பர்ல பார்த்தா தராசு முள்ளு ஆடவே ஆடாது!

ஆடிப் பார்த்தப்போ? மூணு உயிர்ப்புள்ளி கார்டைச் சீந்த ஆள் இல்லை. மூணு கார்டு எடுக்கற கார்டோ அந்த கேமோட வரலாற்றிலேயே மிக பலமான கார்டுகள்ல ஒண்ணு ஆகிடுச்சு. இன்னைக்கும் அதை அனுமதிக்கற 'வின்டேஜ்' போட்டிகள்ல ஒரு கட்டுல ஒரே ஒரு காப்பிதான் வெச்சுக்கலாம். ஏன்னு யோசிங்க. உயிர்ப்புள்ளி கார்டைப் போட்டா கையில ஒரு கார்டு குறையும். கார்டு எடுக்கற கார்டைப் போட்டா, ஒண்ணு போய் மூணு வரும். நம்பர் ஒண்ணுதான், ஆனா எதோட நம்பர்ங்கறதுல மொத்த வித்தியாசமும் இருக்கு. கார்ஃபீல்டுக்கும் இது தெரியாம இல்லை. அந்தக் கார்டை மட்டும் அபூர்வமா கிடைக்கற மாதிரி அச்சடிச்சாங்க. ஒரு ஊர்ல ரெண்டு மூணு பேர்கிட்ட இருந்தா என்ன குறைஞ்சுடப் போகுதுன்னு நினைச்சாங்க. ஜனங்க பெட்டி பெட்டியா வாங்கிக் குவிச்சதுல அந்தக் கணக்கு காத்துல போச்சு. 1994-லயே தடை, கட்டுப்பாடுன்னு பட்டியல் போட வேண்டியதாகிடுச்சு.

நிலக் கார்டு இன்னொரு தலைவலி. 60 கார்டு கட்டுல சுமார் 24 நிலம் வைக்கறது அங்கே பழக்கம். முதல்ல ஏழு கார்டு எடுக்கணும். அதுல ஒரு நிலமோ, நிலமே இல்லாமலோ வர வாய்ப்பு 14 சதவிகிதம். ஏழு கைக்கு ஒரு கை உருப்படாத கைன்னு அர்த்தம். அதனால கையைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற கை எடுக்க விதி வெச்சாங்க. அந்த விதியைத் திரும்பத் திரும்ப மாத்தி, கடைசியா 2019-லயும் ஒரு தடவை மாத்தினாங்க. கேம் வந்து 26 வருஷத்துக்கு அப்புறம்! நீங்க ஒரு வாரத்துல நொந்துபோகலாமா?

இதே வியாதிக்கு வேற சிலர் அழகான மருந்து கண்டுபிடிச்சாங்க. 2004-ல வந்த 'சான் ஹுவான்', 2007-ல வந்த 'ரேஸ் ஃபார் த கேலக்ஸி' ரெண்டுலயும் காசுன்னு தனி கார்டே கிடையாது. கையில இருக்கற எந்தக் கார்டையும் கவுத்துப் போட்டா அதுதான் காசு. உதவாத கார்டுன்னு ஒண்ணே இல்லாம போச்சு. நம்ம கிளி கேமுக்கும் இது பொருந்தும்: எந்தக் கார்டையும் கவுத்து எறிஞ்சா ஒரு கல்லு, பூதத்து மேல ஒரு அடி. மந்திரமா கையில வெச்சுக்கறதா, கல்லா எறியறதா? நல்ல குழப்பம்!

பெருங்காயம் எவ்வளவு?

சூப்பரான கார்டு நிறைய இருந்தா கேம் சூப்பரா இருக்கும்னு ஒரு நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. குழம்புல பெருங்காய டப்பாவைக் கவுத்துப் பாருங்க, தெரியும். 'கடான்' ஆடியிருக்கீங்களா? 1995-ல ஜெர்மனியில கிளாஸ் டாய்பர் உருவாக்கின கேம். அதுல வளர்ச்சி கார்டுன்னு 25 கார்டு கட்டு ஒண்ணு உண்டு. அந்த 25-ல 14 கார்டு வெறும் வீரன். வெற்றிப்புள்ளி 5. ஒரே ஒரு பொருளைச் சொல்லி எல்லார்கிட்ட இருந்தும் வழிச்சு எடுத்துக்கற கார்டு ரெண்டே ரெண்டு. மிச்சம் ரெண்டு வகையும் ரெண்டு ரெண்டுதான். பாதிக்கு மேல சாதாரணக் கார்டா இருக்கறதாலதான், அந்த ரெண்டுல ஒண்ணு யார் கையில இருக்குமோன்னு மேஜைக்கே திக்குதிக்குனு இருக்கும். பத்து இருந்திருந்தா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க.

நம்ம ஊர் 304 ஆடறவங்களுக்கு இது தனியா சொல்ல வேண்டியதில்லை. 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணுமே கிடையாது. ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கு 304. ஆட்டத்தோட பேரே கூட்டல் கணக்கு! எட்டுல ரெண்டு சீட்டு சும்மா கிடக்குது, ரெண்டு சீட்டு பாதிக்கு மேல புள்ளியைத் தூக்கிட்டுப் போகுது. அந்த ஏற்றத்தாழ்வுதான் ஆட்டத்துக்கே உயிர். ஆக சமநிலைன்னா எல்லாக் கார்டும் ஒரே பலம்னு அர்த்தம் இல்லை. பலமான கார்டு அளவா இருக்கணும், பலம் இல்லாத கார்டு வந்தவருக்கும் செய்ய ஒரு வேலை இருக்கணும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச தந்திரம் 'டொமினியன்' கேம்ல இருக்கு. 2008-ல வந்தது, டொனால்டு எக்ஸ். வக்காரினோ உருவாக்கினது. ஆளுக்குப் பத்து கார்டு கட்டு: 7 செப்புக்காசு, 3 சின்ன நிலம். அஞ்சு அஞ்சா எடுத்து ஆடி, புதுக் கார்டு வாங்கி உங்க கட்டுலயே சேர்த்துக்கணும். ஜெயிக்கணும்னா வெற்றிப்புள்ளி கார்டு வாங்கியே ஆகணும். ஆனா அந்தக் கார்டு கைக்கு வந்தா ஆட்டத்துல ஒரு உபயோகமும் இல்லை, இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். முன்னாடி ஓடறவர் கட்டுலதான் இந்தச் சுமை அதிகம். அவரை இழுத்துப் பிடிக்க தனியா சாபக் கார்டு வேணாம், அவர் வாங்கின வெற்றியே அவர் காலை இழுக்கும்! அந்தக் கேம்லயே 'சாப்பல்'னு ரெண்டு காசுக்கு ஒரு கார்டு. அதோட வேலை, கையில இருக்கற நாலு கார்டு வரைக்கும் ஒரேயடியா தூக்கிப் போடறது. கார்டைத் தூக்கிப் போட யாராவது காசு கொடுப்பாங்களானு புதுசா வர்றவங்க சிரிப்பாங்க. பழகினவங்க முதல் முறையிலேயே அதைத்தான் வாங்குவாங்க. கட்டு சின்னதானா நல்ல கார்டு அடிக்கடி வரும் இல்லையா?

பூதம் எப்ப வரணும்?

எத்தனைங்கற கேள்விக்கு அடுத்து, எப்பங்கற கேள்வி. மலை உச்சியில வர வேண்டிய மூணு தலை நாகம் முதல் ரவுண்டுலயே வந்து நின்னா என்ன பண்றது? நல்லா கலைச்சாலும் வரும். நல்லா கலைச்சதாலதான் வரும்!

2008-ல மாட் லீகாக் உருவாக்கின 'பேண்டமிக்' கேம் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கு. எல்லாரும் ஒண்ணா சேர்ந்து உலகம் பூரா பரவற நோயைத் தடுக்கணும். அதுல வர 48 ஊர்கள்ல நம்ம சென்னையும் ஒண்ணு, கவனிச்சிருக்கீங்களா? கட்டுக்குள்ளே தொற்றுவெடிப்பு கார்டுகள் ஒளிஞ்சிருக்கும். அஞ்சு வெடிப்புன்னா, கட்டை அஞ்சா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு வெடிப்பு கார்டைப் போட்டுக் கலைச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிடணும். எப்ப வரும்னு தெரியாது. ஆனா அஞ்சும் ஆரம்பத்துலயே வந்து மொத்தமா கவுக்காது, கடைசி வரைக்கும் வராமலும் இருக்காது.

நம்ம கதைக்கு இது அளவெடுத்துத் தைச்ச சட்டை. 60 கார்டை இருபது இருபதா மூணு கட்டாக்குங்க. கடல், மலை, குகை. சின்னப் பூதம் எல்லாம் கடல்ல, நாகம் மலையில, குகையில காவல் நிக்கற பூதராஜா. ஆயுதத்தை ஒவ்வொண்ணுலயும் நாலு நாலா பரப்பிடுங்க. தனித்தனியா கலைச்சு, குகை அடியில, கடல் மேல வர மாதிரி அடுக்குங்க. கதையும் வரிசையா நகரும், கணக்கும் கட்டுக்குள்ள நிக்கும்.

துணைக் கார்டுகள்ல இந்த 'எப்ப' இன்னும் மோசமா விளையாடும். 'பேசும் மைனா: ஒவ்வொரு ரவுண்டும் ஒரு பொற்காசு கொண்டுவரும்'னு எழுதறீங்க. 15 ரவுண்டு ஆட்டத்துல முதல் ரவுண்டுலயே கிடைச்சவருக்கு 14 காசு. பன்னிரண்டாவது ரவுண்டுல கிடைச்சவருக்கு 3 காசு. மைனா ஒண்ணுதான், விலை நாலு மடங்குக்கு மேல வித்தியாசம்! 'நாலு காசு கொடுத்துட்டு மைனா பறந்துடும்'னு எழுதிட்டா போச்சு. திரும்பத் திரும்பப் பலன் கொடுக்கற எந்தக் கார்டுக்கும் இப்படி ஒரு முடிவு வெச்சுடறது நல்லது.

சாபம் பத்தி ஒரு வார்த்தை. 2001-ல வந்த 'மன்ச்கின்' ஆடினவங்களுக்குத் தெரியும்... பத்தாவது லெவல் தொட்டா வெற்றி. ஒருத்தர் ஒன்பதைத் தொட்டதும், அதுவரைக்கும் பதுக்கி வெச்சிருந்த அத்தனை சாபத்தையும் மத்தவங்க அவர் தலையில கொட்டுவாங்க. அவர் விழுவார். அடுத்தவர் ஒன்பதுக்கு வருவார். மறுபடியும் அபிஷேகம்! முதல் அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஒன்றரை மணி நேரம் ஆனா மெஸ் மூடிடுவாங்க. என்னைக் கேட்டா 12 சாபம் ரொம்ப அதிகம், அஞ்சு போதும். மிச்சம் ஏழு இடத்தை மந்திரத்துக்குக் கொடுங்க. எடுத்த உடனே போட்டுடணும், பதுக்கக் கூடாதுன்னும் எழுதிடுங்க.

டிக் போட ஒரு நோட்டு

இவ்வளவு கணக்கும் போட்டாச்சு. இனிமேதான் நிஜமான வேலை. கார்டை அழகா பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்! லேமினேட் பண்ணின கார்டை மாத்த மனசே வராது. பழைய சீட்டுக்கட்டு மேல வெள்ளைப் பேப்பர் ஒட்டி, பென்சில்ல எழுதுங்க.

ஆடும்போது பக்கத்துல ஒரு நோட்டு. நாலு பேர் பேரையும் எழுதி, ஒவ்வொருத்தர் முறையிலயும் ஒரே ஒரு கேள்வி: அவர் முன்னாடி ரெண்டு வழியாவது இருந்துச்சா? இருந்தா டிக். ஒரே வழிதான், இல்லை வழியே இல்லைன்னா இன்டு. ஆட்டம் முடிஞ்சதும் யார் ஜெயிச்சாங்கன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, யார் பேர்ல இன்டு அதிகம்னு பாருங்க. தொடர்ந்து மூணு இன்டு விழுந்திருந்தா அந்த இடத்துலதான் போன் வெளியே வந்திருக்கும். அந்த நேரத்துல அவர் கையில என்ன கார்டு இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சீங்கன்னா, எந்த வகை அதிகம், எது கம்மின்னு கட்டே வாயைத் திறந்து சொல்லிடும்.

மாத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு நம்பர் மட்டும் மாத்துங்க. ஆயுதத்தையும் சாபத்தையும் ஒண்ணா மாத்தினா, எதனால சரியாச்சுன்னே தெரியாது. எவ்வளவு மாத்தறது? 'சிவிலைசேஷன்' கம்ப்யூட்டர் கேமை உருவாக்கின சிட் மெயர் ஒரு பழக்கம் வெச்சிருந்தார்: இரட்டிப்பாக்கு, இல்லைன்னா பாதியாக்கு. 12-ஐ 13 ஆக்கி பத்து தடவை ஆடினாலும் வித்தியாசம் தெரியாது. 6 ஆக்கினா முதல் ஆட்டத்துலயே அலறுவாங்க. அப்ப நீங்க போகவேண்டிய திசை தெரிஞ்சுடும்.

நேரத்தையும் கட்டுதான் தீர்மானிக்கும். ஒரு முறைக்கு ஒரு கார்டு, ஒரு முறைக்கு ரெண்டு நிமிஷம்னா 60 கார்டு தீர ரெண்டு மணி நேரம். ரெண்டு பார்த்து ஒண்ணு எடுக்கற விதியில ஒரு மணி நேரம். கட்டு தீர்ந்தா மந்திரவாதி ஜெயிச்சுட்டான்னு வெச்சுட்டா, கடிகாரமே வேணாம். குகைக் கட்டு மெலிய மெலிய எல்லாருக்கும் வியர்க்கும்.

கடைசியா ஒரு சோதனை. உங்க கேமைப் பார்த்தே இராத நாலு பேர்கிட்ட பெட்டியையும் விதிகள் எழுதின தாளையும் கொடுத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு மூலையில உட்காருங்க. விதியைத் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க, பேசக் கூடாது. உங்க செல்லமான பேசற வாளைக் கல்லா எறிவாங்க, அப்பவும் பேசக் கூடாது. எந்தெந்தக் கார்டைக் கவுத்துக் கல்லா எறியறாங்கன்னு மட்டும் எழுதிக்குங்க. மூணு கும்பல் ஆடி, மூணு கும்பலும் எறிஞ்ச கார்டு எதுவோ, அதைக் கட்டுல இருந்து எடுத்துடுங்க. கிழிக்க மனசு வராது. ஒரு பழைய கவர்ல போட்டு வைங்க, அடுத்த கேமுக்கு ஆகும்!